ஆடின காலும் தூக்கிவிட்ட கையும்

(கூட்டமைப்பின் பொதுக்கூட்டத்தில் செயற்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்றைய கூட்டப் பொருளில் மூன்றாவதாக ஒரு விஷயம் இருக்கிறது. ஊருக்குப் புதுசா வந்து குடியிருக்கிற பெண்களை நம் குழுக்களில் சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா என்பதுதான் அது. போன மூன்று கூட்டமாகத் தள்ளிப் போட்டு வருகிறோம். "அவ யாரு எவரு தெரியாது, கடனை வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா போயிட்டா யாரு கட்டுறது?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கு. அதை விவாதிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நாங்க பேசுறதைக் கேளுங்க. இது கட்டுக்கதை இல்லை, நடந்த சரித்திரம். ஐரோப்பாவில் ஹிட்லர் காலத்தில் வாழ்ந்த யூத நடனக் கலைஞர்களின் வாழ்க்கை.

"எங்கேயோ வெளிநாட்டுல ஆடினவங்களுக்கும் பீடி சுத்துற நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்காதீங்க. கடைசியில் சம்பந்தம் தானா வந்து நிற்கும்.

யூதர்கள் யார்?

யூதர்கள் நமக்கு முழுக்க அந்நியம் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய அவங்க ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது.  ஆனால் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கா அவங்க மேல வெறுப்பு இருந்தது.

1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். ஒரே தலைவன், ஒரே இனம், எதிர்த்துப் பேசினால் சிறை. இதைத்தான் பாசிசம் என்கிறார்கள். நாட்டில் நடக்கிற எல்லாக் கெடுதலுக்கும் யூதர்தான் காரணம் என்று பழி போட்டார்கள். கடைசியில் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். ரோமா என்கிற நாடோடி மக்களையும் லட்சக்கணக்கில் கொன்றார்கள்.

இது ஒரே நாளில் வரவில்லை. அதைத்தான் முதலில் கவனிக்கணும். மொதல்ல வேலையைப் பறிச்சாங்க. 1933 செப்டம்பரில் கலைஞர்களுக்கு என்று ஒரு அரசு அமைப்பு வைத்தார்கள். அதில் உறுப்பினரா இல்லாவிட்டால் பாடவும் முடியாது, ஆடவும் முடியாது, நடிக்கவும் முடியாது. யூதர்களை அதிலிருந்து ஒதுக்கினார்கள். 1935-ல் குடியுரிமையைப் பறித்தார்கள், யூதரை மற்றவர் கல்யாணம் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1938-ல் அவங்க கடவுச்சீட்டில் அடையாள எழுத்தைக் குத்தினார்கள். 1939 ஜனவரியிலிருந்து, பேரை வைத்து யூதர் என்று தெரியாத பெண்கள் எல்லாரும் தங்கள் பேரோடு 'சாரா' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அம்மா அப்பா ஆசையா வச்ச பேரைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஒவ்வொரு படியிலும் பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர் என்று பல பேர், "நமக்கு எதுக்கு வம்பு" என்று வாயை மூடி இருந்தார்கள். ஒதுக்குவது இப்படித்தான் சின்னச் சின்னதா ஆரம்பிக்கும்.

வியன்னாவில் ஒரு பெண்

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பேர்போன ஊர். அங்கே 1905-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹில்டே ஹோல்கர். சின்ன வயதிலிருந்தே நடனம்தான். கெர்ட்ரூட் போடன்வீசர் என்ற பெரிய நடன ஆசிரியையிடம் கற்றார், அவருடைய குழுவோடு பல ஊர்களுக்குப் போய் ஆடினார். 1926-ல், இருபது இருபத்தோரு வயதில், வியன்னாவிலேயே சொந்தமா நடனப் பள்ளி ஆரம்பித்தார். யாரையும் எதிர்பார்க்காமல் தன் காலில் நின்ற பெண்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதர்களைத் தெருவில் மண்டியிட வைத்துத் தரையைத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். சுற்றி நின்று ஊரே சிரித்தது. யூதர்கள் மேடை ஏறத் தடை வந்தது. பன்னிரண்டு வருஷமா வளர்த்த பள்ளி போச்சு. ஹில்டே ஒரு சிற்பியின் கூடத்தில் மறைவாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். யோசித்துப் பாருங்க. ஆடுறதைத் திருட்டுத்தனமா செய்ய வேண்டிய நிலைமை!

நாட்டை விட்டுப் போகலாம் என்றால் அதுவும் லேசு இல்லை. சொத்துக்கு வரி என்று உருவிவிட்டு, பத்து மார்க் பணம் மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். போகிற நாடும் ஏற்றுக்கொள்ளணுமே! 1938 ஜூலையில் பிரான்ஸ் நாட்டு எவியான் என்ற ஊரில் 32 நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, இந்த அகதிகளை யார் எடுத்துக்கொள்வது என்று பேசினார்கள். பாவம் பாவம் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் கதவைத் திறந்தவர்கள் ரொம்பக் குறைவு. "இன்னும் கொஞ்சம் விசாரிப்போம், அடுத்த கூட்டத்துல பார்ப்போம்" என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே பேச்சுத்தான்.

பம்பாயில் திறந்த கதவு

ஹில்டேக்குப் பம்பாயில் கதவு திறந்தது. ஒரு நண்பரின் உதவியால் 1939-ல் அவர் கப்பல் ஏறி இந்தியா வந்து சேர்ந்தார். அவர் வந்த சில மாதத்தில் யுத்தம் மூண்டது.

அந்தக் காலத்தில் இந்தியா வெள்ளைக்காரன் கையில். இங்கே வருகிற அகதிக்கு யாராவது பொறுப்பு ஏற்கணும். "இவங்களால அரசாங்கத்துக்குச் சுமை வராது, சோத்துக்கு வழி நாங்க பார்த்துக்கிடுதோம்" என்று ஒருத்தர் உத்தரவாதம் தரணும். பம்பாயில் இருந்த யூதர்கள் ஒரு நிவாரணச் சங்கம் வைத்து, முன்பின் தெரியாத பல அகதிகளுக்கு அந்த உத்தரவாதத்தைக் கொடுத்தார்கள். இதை நாம் என்ன சொல்லுவோம்? ஜாமீன் என்போம். ஒருத்திக்காக இன்னொருத்தி கையெழுத்துப் போடுவது.

பம்பாய்க்கு வந்த ஹில்டே கையில் காசு இல்லை, சொந்தம் இல்லை. இங்கே உள்ள பாஷை தெரியாது, வெயில் பழக்கமில்லை. இருந்தது உடம்பில் ஊறின கலை ஒன்றுதான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம் என்று பழமொழி சொல்வோம். ஆடத் தெரிந்தவளுக்கு எந்தக் கூடமும் கூடந்தான். ஹில்டே நம்ம நாட்டு நடனத்தைப் பார்த்தார், கை முத்திரைகளைப் பாடம் படித்தார், தன் நடனத்தில் சேர்த்துக்கொண்டார். சென்னையில் 1936-ல் கலாக்ஷேத்திராவை ஆரம்பித்த ருக்மிணி தேவி, உதய் சங்கர், ராம் கோபால் போன்ற பெரிய கலைஞர்களோடு பழக்கம் ஏற்பட்டது.

1940-ல் ஆதி போமன்-பெஹ்ராம் என்ற பார்சி மருத்துவரைக் கல்யாணம் செய்தார். பார்சிகளும் நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து இங்கே அடைக்கலம் தேடி வந்தவர்களின் சந்ததிதான். பிறகு பம்பாயிலேயே நடனப் பள்ளி ஆரம்பித்தார். எந்த மதம், எந்த இனம், எந்த நாடு என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தார். "நீ இன்ன சாதி, உனக்கு இங்கே இடமில்லை" என்ற வார்த்தை எப்படி வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தன் பள்ளி வாசலில் அந்த வார்த்தைக்கு இடம் கொடுக்கவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆனால் சகோதரிகளே, இந்தக் கதையின் மறுபக்கத்தையும் கேட்கணும். ஹில்டே தப்பினார். அவருடைய அம்மா தப்பவில்லை, அம்மாவின் இரண்டாவது கணவர் தப்பவில்லை, கூடப்பிறந்த சகோதரி தப்பவில்லை. சொந்தத்தில் பத்துப் பேருக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். ஒருத்திக்குத் திறந்த கதவு அதே வீட்டில் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை. கதவைத் திறப்பதும் திறக்காததும் சின்ன விஷயம் இல்லை என்பதை இதிலிருந்து தெரிஞ்சுக்கிடணும்.

காலையில் கேட்ட ரேடியோ இசை

ஒரு சின்னச் செய்தி சொல்றோம். முன்னெல்லாம் விடியக்காலையில் வாசல் தெளிக்கும்போது திருநெல்வேலி வானொலி நிலையம் ஆரம்பிக்குமே, அப்போ தம்புராவும் வயலினும் சேர்ந்து ஒரு இசை வரும், ஞாபகம் இருக்கா? அகில இந்திய வானொலியின் அந்த அடையாள இசையை அமைத்தவர் என்று சொல்லப்படுபவர் வால்டர் காஃப்மன். அவரும் யூதர், செக் நாட்டிலிருந்து 1934-ல் பம்பாய்க்கு வந்தவர். வானொலியில் வேலை பார்த்தார். சிவரஞ்சனி ராகம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பாருங்க, அடைக்கலம் தேடி வந்த ஒரு மனுஷன் போட்ட இசையைக் கேட்டுத்தான் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரை முழுக்க வருஷக்கணக்கா கண் விழித்தது. வந்தவங்க எதைக் கொண்டு வருவாங்க என்று வரும்போது நமக்குத் தெரியாது.

கதவு திறக்காதவர்கள்

எல்லாருக்கும் பம்பாய் கிடைக்கவில்லை. ஹில்டேயின் ஆசிரியை போடன்வீசர் தன் குழுவோடு 1938-ல் தப்பி, கடைசியில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். அந்த நாட்டில் நவீன நடனம் வேர்விட அவர் ஒரு முக்கிய காரணம். ஆனால் அவர் கணவர் பிரான்சில் மாட்டிக்கொண்டார். அங்கிருந்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

தத்யானா பார்பகோஃப் என்று இன்னொரு நடனக் கலைஞர். தகப்பனார் யூதர், தாய் சீனர். ஜெர்மனி மேடைகளில் கொண்டாடப்பட்டவர். ஓவியர்கள் அவரைப் படம் படமா வரைந்தார்கள். 1933-ல் பாரிசுக்கு ஓடினார். யுத்தம் அங்கேயும் வந்ததும் தெற்கே நீஸ் நகரத்தில் ஒளிந்திருந்தார். 1944 ஜனவரியில் பிடித்தார்கள். பிப்ரவரியில் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். திறமைக்குக் குறைவா? இல்லை. பேருக்குக் குறைவா? இல்லை. காப்பாற்றி வைக்க ஒரு இடம் மட்டும் கடைசிவரை நிலைக்கவில்லை.

"கையில தொழில் இருந்தா பிழைச்சுக்கிடலாம்" என்று நாம் பயிற்சி வகுப்பில் சொல்றோம். அது பாதி உண்மை. தொழிலும் வேணும், தாங்கிப் பிடிக்க ஒரு கையும் வேணும்.

தையல் மிஷினும் நடனமும்

ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1912-ல் பிறந்த லின் யால்டாட்டி நம்மைப் போல உழைக்கும் வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே தையல் வேலைக்குப் போனார். வேலை முடிந்து சாயங்காலம் நடனம் கற்று, மேடை ஏறினார்.

ஜெர்மன் படை ஹாலந்தைப் பிடித்த பிறகு அவரும் தங்கை யானியும் சும்மா இருக்கவில்லை. 1943-ல் ஊருக்கு வெளியே காட்டோரமா ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, தங்களைப் போல ஒளிய வேண்டிய யூதர்களை அங்கே வைத்துக் காப்பாற்றினார்கள். தங்களுக்கே ஆபத்து. ஆனாலும் சோறு பகிர்ந்தார்கள், சாயங்காலத்தில் பாடி ஆடி அவங்க பயத்தை ஆற்றினார்கள். 1944 ஜூலையில் யாரோ காட்டிக்கொடுத்து எல்லாரும் மாட்டினார்கள்.

அக்கா தங்கை இரண்டு பேரையும் ஆஷ்விட்ஸுக்கும் பிறகு பெர்கன்-பெல்சன் முகாமுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே பசியும் டைபஸ் காய்ச்சலும். அந்த முகாமில்தான் ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியும் அவள் அக்காவும் 1945 தொடக்கத்தில் இறந்தார்கள். நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருக்கும், டைரி எழுதின பிள்ளை. அந்தப் பிள்ளைகளைக் கடைசிக் காலத்தில் பார்த்தவர்களில் லின்னும் யானியும் உண்டு. யுத்தம் முடிந்து, உயிரோடு திரும்பின தகப்பனார் பிள்ளைகளைத் தேடி அலைந்தபோது, அவங்க இறந்த செய்தியைச் சொன்னவர்கள் இவங்கதான். எப்படிச் சொல்லியிருப்பாங்க, அவர் எப்படிக் கேட்டிருப்பார்!

லின்னின் அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் முகாமில் மாண்டார்கள். அக்கா தங்கை ஒருத்திக்கு ஒருத்தி துணையா இருந்து பிழைத்தார்கள். அதற்குப் பிறகு லின் 1988-ல் சாகும்வரை யூத மக்களின் பாட்டுகளை ஊர் ஊராப் பாடினார்.

ஒரு ரொட்டியின் கணக்கு

இப்போ சொல்லப்போறது நம்ம கணக்கு நோட்டில் எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

எடித் ஏகர் 1927-ல் பிறந்தவர். ஊர் கோஷிட்சே, இன்றைக்கு ஸ்லோவாக்கியா நாட்டில் இருக்கிறது. பாலே நடனமும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்ற பெண். யூதர் என்பதால் விளையாட்டுக் குழுவிலிருந்து நீக்கினார்கள். 1944-ல் பதினாறு வயதில் குடும்பத்தோடு ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். தாயையும் தகப்பனையும் அங்கே கொன்றார்கள். அக்கா மக்தா மட்டும் கூட இருந்தார்.

வந்த அன்றைக்கே மெங்கலே என்ற கொடூர டாக்டர் முன்னால் அந்தப் பிள்ளையை ஆடச் சொன்னார்கள். பெற்ற தாயைக் கொலைக்கு அனுப்பினவன் முன்னால் ஆட வேண்டும். மறுத்தால் உயிர் போகும். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. நாம ஒரு பெரிய அரங்கத்தில் ஆடிக்கிட்டு இருக்கோம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஆடியது. ஆடி முடிந்ததும் ஒரு ரொட்டி கொடுத்தார்கள்.

பட்டினி கிடக்கிற இடத்தில் ஒரு முழு ரொட்டி! தனியா ஒளிச்சு வச்சு நாலு நாள் சாப்பிட்டிருக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. எடித் அதைக் கூட இருந்த பெண்களோடு பங்கு போட்டுக்கொண்டார்.

மாதங்கள் கழித்து, கைதிகளை ஊர் ஊராக நடத்திக்கொண்டு போனார்கள். நடக்க முடியாமல் விழுந்தால் சுட்டுவிடுவார்கள். எடித்தால் முடியவில்லை, விழப் போனார். அப்போ பக்கத்தில் வந்த பெண்கள் கைகளைக் கோர்த்து நாற்காலி மாதிரி வைத்து அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அன்றைக்கு ரொட்டி பங்கு வாங்கின பெண்கள்தான் அவங்க.

எடித் பிழைத்தார். அமெரிக்கா போய்ப் படித்து உளவியல் நிபுணர் ஆனார். மனசு உடைந்த ஆயிரமாயிரம் பேருக்கு ஆறுதல் தந்தார். 2017-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி எவ்வளவு என்று நமக்குத் தெரியும். பங்கு போட்ட ரொட்டிக்கு வட்டி எவ்வளவு என்று யாரால் கணக்குப் போட முடியும்?

ஹில்டேயின் பிற்காலம்

மறுபடி ஹில்டேக்கு வருவோம். 1947-ல் நாடு பிரிந்தபோது இங்கேயும் மதக் கலவரம். ஒரு வெறியிலிருந்து தப்பி வந்தவர் கண் முன்னால் இன்னொரு வெறி. 1948-ல் கணவர், குழந்தையோடு லண்டன் போனார். மூன்றாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்தார்.

1949-ல் பிறந்த மகனுக்கு டவுன் சின்ட்ரோம் என்ற குறைபாடு. அப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டுக்குள் மறைத்து வைத்த காலம் அது. ஹிட்லர் ஆட்சியில் ஊனமுற்றவர்களை, வாழத் தகுதி இல்லாதவர்கள் என்று சொல்லிக் கொன்றே போட்டார்கள். ஹில்டே தன் மகனுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தார். அவனைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 1968-ல் லண்டனின் புகழ்பெற்ற சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அந்தப் பிள்ளைகளையே மேடை ஏற்றினார்.

அவரிடம் கற்றவர்களில் ஒருவர் வோல்ஃப்காங் ஸ்டாங்கே. அவர் பிறந்தது ஜெர்மனியில்! ஹில்டேயின் குடும்பத்தை அழித்த நாட்டில் பிறந்த பையனை ஹில்டே மாணவனாக ஏற்றார். அவர் 1980-ல் மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆடும் அமிச்சி என்ற குழுவைத் தொடங்கினார். நம்ம பக்கத்து இலங்கையிலும் மாற்றுத்திறனாளிகளை மேடை ஏற்றும் பணியில் அவருக்குப் பங்கு உண்டு. ஹில்டே 2001-ல் 95 வயதில் காலமானார். கடைசிக் காலம் வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

1939-ல் பம்பாயில் ஒரு கதவு திறந்ததால் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள் பாருங்க!

நம்ம ஆற்றங்கரையில்

ஆட்டக்காரப் பெண்களை ஒதுக்கும் பழக்கம் நம்ம பக்கமும் இருந்ததுதான். கோயில் கொடையில் கணியான் கூத்து விடிய விடியப் பார்ப்போம், கரகாட்டத்துக்குக் கைதட்டுவோம். மறுநாள் அந்தக் கலைஞரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்போமா?

ஒரு காலத்தில் சதிர் ஆடின பரம்பரைப் பெண்களை ரொம்ப இழிவாகப் பேசினார்கள். பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ல் சட்டம் போட்டு ஒழித்தது சரிதான். ஆனால் அந்தப் பெண்களின் கலையையும் சேர்த்து அழுக்கு என்று தள்ளினார்கள். அப்போ நம்ம கல்லிடைக்குறிச்சியில் 1897-ல் பிறந்த வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் என்ன செய்தார் தெரியுமா? தானே அந்த ஆட்டத்தைக் கற்று, பெண் வேஷம் கட்டி மேடையில் ஆடிக் காட்டினார். சென்னை மியூசிக் அகாடமியில் பொறுப்பில் இருந்தபோது, 1930-களின் தொடக்கத்தில் பரம்பரைக் கலைஞர்களையே அங்கே ஆட வைத்தார். ஊர் ஏசும் என்று தெரிந்தும் தன் பேரை ஜாமீனா வைத்தார்.

ஐரோப்பாவில் நடந்த கொலையையும் இங்கே நடந்த ஒதுக்கலையும் ஒன்று என்று நாங்க சொல்லவில்லை. அது வேறு, இது வேறு. ஆனால் ஒதுக்கினவங்க பக்கம் ஒரு ஆள் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பது இரண்டு இடத்திலும் தெரியுது.

இனி நம்ம விஷயம்

1989-ல் தர்மபுரியில் நம்ம மகளிர் குழுக்கள் ஆரம்பித்தபோது, ஏழைப் பெண்ணை நம்பி யார் கடன் தருவார்கள் என்று கேட்டார்கள். ஈடு வைக்க நகை இல்லை, நிலம் இல்லை. அப்புறம் வங்கி எதை நம்பிக் கொடுத்தது? ஒருத்திக்கு ஒருத்தி நிற்பாள் என்ற நம்பிக்கையை. நம்ம எல்லாருமே ஜாமீனில் எழுந்தவர்கள்தான் சகோதரிகளே.

இன்று நம் வாசலில் நிற்பது யார்? புருஷன் விட்டுப் போய் பிள்ளையோடு வேற ஊரிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருக்கிறவ ஒருத்தி. வடமாநிலத்திலிருந்து புருஷனோடு வேலைக்கு வந்தவ ஒருத்தி. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நம்ம பக்கத்து முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் அரசு அதை மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றியது. பேர் மாறினால் போதுமா, நம்ம மனசும் மாற வேண்டாமா?

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம மறந்திருக்க மாட்டோம். ஆறு வீட்டுக்குள் வந்தபோது ரேஷன் கார்டு, பத்திரம், பீரோ எல்லாம் தண்ணியில் போச்சு. அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் யார் பக்கத்தில் யார் படுத்தோம் என்று பார்த்தோமா? பத்தமடைக்காரிக்குப் பாய் நெய்யுற கை மிஞ்சியது, காருகுறிச்சிக்காரிக்குப் பானை வனைகிற கை மிஞ்சியது. யாரோ ஒருத்தர் கொடுத்த ஒரு இடத்திலிருந்து மறுபடி எழுந்தோம்.

கடன் திரும்பி வருமா என்ற பயத்தை நாங்க லேசா நினைக்கவில்லை. சிறுவாடு சேர்த்த பணம், போனால் வலிக்கும். அதனால் செயற்குழு மூன்று யோசனை வைக்கிறது.

முதலாவது, புதுசா வருகிற பெண்ணுக்குக் குழுவில் ரெண்டு பேர் அறிமுகம் கொடுக்கட்டும். ஆறு மாதம் கூட்டத்துக்கு வந்து சேமிக்கட்டும். அதற்கு அப்புறம் சின்னதா உள்கடன் கொடுத்துப் பார்ப்போம். ஒழுங்காகக் கட்டினால் மற்ற உறுப்பினர் மாதிரியே எல்லா உரிமையும்.

இரண்டாவது, அவளுக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதுவோம். தையலோ, சமையலோ, பாட்டோ, ஆட்டமோ. கேட்டால்தானே தெரியும்!

மூன்றாவது, சாதி, மதம், ஊர், பாஷை, உடல் குறை இவற்றைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக்கூடாது. மறுத்தால் காரணத்தைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடணும். வாயால் சொல்ல முடிந்ததை எழுத்தால் எழுதக் கூசினால், அந்தக் காரணம் சரியில்லை என்று அர்த்தம்.

நாங்க சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டோம். இப்போது மூன்றாவது பொருளை விவாதத்துக்கு எடுக்கிறோம். ஒத்துக்கிறவங்களும் பேசுங்க, ஒத்துக்காதவங்களும் மனசுல வைக்காமப் பேசுங்க. இந்தத் தடவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ள வேண்டாம்.